முதல் ஆர்சி விமானம்: சிமுலேட்டரில் தொடங்கி புல்வெளியில் இறக்கும் வரை

ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) எனப்படும் ரிமோட் விமானம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எதை வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன். விமானம் உங்களைவிட்டு விலகிப் போகும்போது யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். அது திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்து வரும்போதுதான் கை தடுமாறும். இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். பக்கத்தில் நின்று நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தில் நடந்தவை. விழுந்த பிறகு எல்லோரும் காற்றைக் குறை சொல்வார்கள், ரேடியோவைக் குறை சொல்வார்கள். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு நொடிக்கான தயாரிப்பு.

நான்கு கட்டுப்பாடுகள்

டிரான்ஸ்மிட்டரில், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டில், இரண்டு ஸ்டிக்குகள் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலானோர் பழகுவது மோடு 2. இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் மோட்டார் வேகம் கூடும், இது த்ராட்டில். அதையே பக்கவாட்டில் அசைத்தால் வாலில் நிற்கும் ரட்டர் திரும்பும். வலது ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் வாலில் படுத்திருக்கும் எலிவேட்டர் மேலே தூக்கி, விமானத்தின் மூக்கு எழும். தள்ளினால் மூக்கு தாழும். வலது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் அசைத்தால் இறக்கையின் ஓரத்தில் உள்ள அய்லரான்கள் வேலை செய்து, விமானம் அந்தப் பக்கம் சாயும். மோடு 1 என்ற முறையில் த்ராட்டில் வலது கைக்கு வந்துவிடும். உங்களுக்குக் கற்றுத்தரப்போகிறவர் எந்த மோடு பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் எடுங்கள். அவசரத்தில் அவர் உங்கள் ரிமோட்டை வாங்கிக் காப்பாற்ற வேண்டி வரும்.

அய்லரான் இல்லாமல் மூன்று சேனலில் (ஒரு கட்டுப்பாட்டுக்கு ஒரு சேனல்) பறக்கும் விமானங்களும் உண்டு. அவை தாமாகவே நிமிர்ந்துகொள்ளும், தொடங்குவதற்கு மோசமில்லை. ஆனாலும் நான் நான்கு சேனலையே சொல்வேன். முதல் நாளிலிருந்தே வலது கை சாய்ப்பதற்குப் பழகிவிட்டால், அடுத்த விமானத்துக்குப் போகும்போது பழையதை மறக்க வேண்டிய வேலை இல்லை.

விமானத்துக்கு முன் சிமுலேட்டர்

முதலில் டிரான்ஸ்மிட்டரை மட்டும் வாங்குங்கள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆறு சேனல் ரிமோட் ஒன்றே இரண்டு மூன்று வருடத்துக்குப் போதும். யுஎஸ்பி கேபிளில் அதைக் கணினியோடு இணைத்து, பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் பழகலாம். ரியல்ஃப்ளைட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. நன்றாக இருக்கும், ஆனால் கட்டாயம் இல்லை. கீபோர்டில் மட்டும் பழகாதீர்கள். விரலுக்கு வேண்டியது ஸ்டிக்கை எவ்வளவு சின்னதாக அசைப்பது என்ற அளவு. அது கீபோர்டில் வராது.

சிமுலேட்டரில் பலர் செய்யும் தவறு, விமானத்துக்குப் பின்னாலேயே கேமரா போவதுபோல வைத்துக்கொள்வது. அப்படி நூறு மணி நேரம் ஓட்டினாலும் மைதானத்தில் உதவாது. தரையில் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் பார்வையைத் தேர்ந்தெடுங்கள். உயர்ந்த இறக்கை உள்ள ஒரு டிரெய்னர் மாடலை எடுத்து, ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வீதம் மூன்று வாரம் உட்காருங்கள்.

முதல் வாரம் நேராகப் போய், திரும்பி, உங்கள் முன்னால் குறுக்காக ஒரு நீள்சதுரம். இடப்பக்கச் சுற்று வந்ததும் வலப்பக்கச் சுற்று. எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும், மற்றொன்று வராது. வராத பக்கத்தையே அதிகம் செய்யுங்கள்.

இரண்டாவது வாரம் முழுக்க, முகத்துக்கு நேரே வரும் விமானம். இங்கேதான் நான் நம்பும் உபாயம் ஒன்று இருக்கிறது. விமானம் உங்களை நோக்கி வரும்போது அதன் இடது எது, வலது எது என்று யோசிக்கவே வேண்டாம். எந்தப் பக்கம் இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, உங்கள் கண்ணுக்கு அது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல, தாழ்ந்த இறக்கைக்கு ஸ்டிக்கால் முட்டுக் கொடுக்கிறீர்கள். இறக்கை நிமிர்ந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். யோசிக்காமல் கை தானாகச் செய்ய இருநூறு முறை வேண்டும். அந்த இருநூறையும் சிமுலேட்டரில் முடித்துவிட்டால் செலவு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வாரம் எட்டு வடிவமும் தரையிறக்கமும். பத்து முறை இறக்கினால் எட்டு முறை உடையாமல் இறங்குகிறது என்ற நிலை வந்த பிறகு விமானத்துக்குக் காசு செலவழியுங்கள்.

எந்த விமானம்

கடையில் கண்ணைப் பறிப்பவை போர் விமான மாடல்கள். முதல் விமானமாக அவற்றைத் தொடவே வேண்டாம். அவற்றின் இறக்கை சிறியது, வேகம் அதிகம், நீங்கள் யோசிப்பதற்குள் தரைக்கு வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது மெதுவாகப் பறப்பது. உடலுக்கு மேலே வைத்த இறக்கை, இரண்டு நுனிகளும் லேசாக மேல்நோக்கி உயர்ந்த அமைப்பு, இறக்கையின் அடிப்பக்கம் தட்டை. இந்த மூன்றும் இருந்தால் கையை எடுத்துவிட்டாலும் விமானம் ஓரளவு தானே நிமிரும். 1937இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவில் பறக்கவிட்ட 'கஃப்' விமானமும் பெரிய இறக்கையோடு நிதானமாகப் பறக்கும் வகைதான். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

விமானம் மெதுவாகப் பறக்குமா என்று வாங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்கை 120 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 24 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு சேர்த்து எடை 800 கிராம் என்றால், ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 33 கிராம். இந்த அளவுள்ள விமானத்தில் 30 முதல் 40 வரை இருந்தால் தொடக்கக்காரருக்கு ஒத்துவரும். 60ஐத் தாண்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

தயாராக வரும் ஃபோம் விமானம் வாங்கலாம், ஃபோம் போர்டை வெட்டி நீங்களே செய்யலாம். நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். தானே ஒட்டிய விமானம் உடைந்தால் எங்கே எப்படி ஒட்டுவது என்று கைக்குத் தெரியும். உடைவதைப் பற்றிய பயமும் குறையும். பயம் குறைந்தால் கை நடுங்காது. ஐந்து மில்லிமீட்டர் ஃபோம் போர்டு, ஹாட் குளூ, பேக்கிங் டேப், கூரான கட்டர் இருந்தால் இரண்டு மாலைகளில் உடல் தயாராகிவிடும். விளம்பரப் பலகைக்கு வாங்கும் பிவிசி சன்போர்டு வேண்டாம், கனம்.

உள்ளே போகும் சாமான்கள்: 2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டார் 1000 கேவி, 10 அங்குல புரொப்பெல்லர், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று), 9 கிராம் சர்வோ (ரட்டர், அய்லரான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்) நான்கு, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்ற எண். அந்த எண் பெரிதானால் புரொப்பெல்லர் சிறிதாக வேண்டும். 2200 கேவி மோட்டாரில் 10 அங்குலம் மாட்டினால் மோட்டாரோ இஎஸ்சியோ புகையும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், சரியாகிவிடும்.

மேசையில் வைத்து இவற்றையெல்லாம் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். என் நண்பர் ஒருவருக்கு வீட்டு ஹாலிலேயே விரலில் நான்கு தையல் விழுந்தது. ரிமோட்டை மகன் எடுத்துப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

சமநிலை: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

பட்டத்துக்குச் சூத்திரம் கட்டும்போது ஒரு விரற்கடை தள்ளிக் கட்டினால் பட்டம் என்ன ஆட்டம் ஆடும் என்று சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் அந்த வேலையைச் செய்வது சிஜி எனப்படும் எடைமையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் அது இருக்க வேண்டும். நம் 20 சென்டிமீட்டர் இறக்கையில் அது 5 முதல் 6.5 சென்டிமீட்டர். முதல் பறப்புக்கு 5 சென்டிமீட்டரிலேயே வையுங்கள்.

பேட்டரியை உள்ளே வைத்து, அந்த இடத்தில் இரண்டு பக்கமும் பேனாவால் குறித்து, இரண்டு விரல் நுனிகளால் இறக்கைக்கு அடியில் தாங்குங்கள். விமானம் மட்டமாகவோ, மூக்கு மிக லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். அது போதாவிட்டால் மூக்கில் கனம் சேருங்கள். மூக்கு கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் கனத்த விமானம் கையைவிட்டுப் போன மறுநொடி மேலே நிமிர்ந்து, நின்று, புரண்டு விழும். என் முதல் விமானம் அப்படித்தான் போனது. பேட்டரி ஒரு அங்குலம் பின்னால் இருந்ததைப் பார்த்தும், "பறந்தால் சரியாகிவிடும்" என்று எறிந்தேன். மூன்று வார வேலை மூன்று நொடியில் முடிந்தது.

சமநிலை சரியானதும் திசைகளைப் பாருங்கள். விமானத்துக்குப் பின்னால் நின்று வலது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான் மேலே போக வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். ஸ்டிக்கை இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரட்டரை வலப்பக்கம் தள்ளினால் அதன் பின்விளிம்பு வலப்பக்கம். ஏதாவது தலைகீழாக இருந்தால் ரிமோட்டின் ரிவர்ஸ் மெனுவில் மாற்றுங்கள். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் அசைவு போதும். ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ அமைப்பை 30 சதவீதம் வையுங்கள். திரையில் தெரியும் வளைகோடு நடுப்பகுதியில் படுத்திருந்தால் சரி. நிமிர்ந்திருந்தால் எதிர்க் குறியைப் போட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாடு. புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யாமல் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். வழக்கமான பயன்பாட்டில் முதலில் ரிமோட்டை ஆன் செய்து பிறகு விமானத்தில் பேட்டரியைச் செருகுங்கள். முடிந்ததும் முதலில் விமானத்தின் பேட்டரி, கடைசியில் ரிமோட்.

லிப்போ பேட்டரி

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் மதிக்க வேண்டும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பறந்து முடித்து ஓய்ந்த நிலையில் செல்லுக்கு 3.7க்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி நீண்ட நாள் வரும். எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரிலேயே ஏற்றுங்கள். 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் வேகம் போதும். சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் இருங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சித்திரை வைகாசி வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பறக்கப்போவதில்லை என்றால், சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் நிறுத்தி, பீங்கான் பானையிலோ உலோகப் பெட்டியிலோ வையுங்கள்.

இடம், நேரம், சட்டம்

அறுவடை முடிந்த வயல், நீர் வற்றிய ஏரி, விடுமுறை நாளில் பெரிய கல்லூரி மைதானம். குறைந்தது இரண்டு கால்பந்து மைதான அளவு திறந்தவெளி வேண்டும். மின்கம்பி, செல்போன் கோபுரம், பனை வரிசை, சாலை எதுவும் நீங்கள் பறக்கவிடும் பக்கம் இருக்கக் கூடாது. ஏரியை முதல் நாளே நடந்து பாருங்கள். தூரத்தில் காய்ந்து தெரியும் இடம் கிட்டப் போனால் முழங்கால் சேறாக இருக்கும்.

நேரம் என்றால் விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம். காற்று எழுந்திருக்காது, ஆட்களும் குறைவு. கடலோர ஊர்களில் முற்பகலிலேயே கடற்காற்று தொடங்கிவிடும். ஆடிக் காற்றில் தொடங்கவே வேண்டாம். அதிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கொட்டும் கோவை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கமும், ஆரல்வாய்மொழிப் பக்கமும் அந்த மாதங்களில் அனுபவசாலிகளே யோசிப்பார்கள். கற்றுக்கொள்ள ஏற்றது தை முதல் பங்குனி வரை. ஆனால் பொங்கலை ஒட்டிப் பட்டம் விடும் ஊர்களில் நூல் இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களையும் உள்ளடக்கியவை. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் மாடல், கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள்ளேயே இருக்க வேண்டும். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று காட்டும் இடத்தில் 400 அடி வரை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரை. அதற்கும் உள்ளே முன்னனுமதி இல்லாமல் கூடாது. மீனம்பாக்கம், மதுரை, திருச்சி மட்டுமல்ல, தாம்பரம், சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம் ஆகிய ஊர்களில் உள்ள ராணுவ விமானத் தளங்களையும் நினைவில் வையுங்கள். வரைபடத்தையும் பதிவு விதிகளையும் பறக்கப் போகும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள், இவை மாறக்கூடியவை. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் மறக்கக் கூடாது. நான் பறக்கவிடும் வயலின் சொந்தக்காரர் இப்போது முதல் ஆளாக வந்து வரப்பில் உட்காருகிறார்.

முதல் காலை

கற்றுத்தர ஒருவர் இருந்தால் நல்லது. இரண்டு ரிமோட்டுகளைக் கேபிளில் இணைத்து, அவர் ஒரு ஸ்விட்ச்சில் கட்டுப்பாட்டை வாங்கித் திருப்பித் தரும் முறை எல்லாவற்றையும்விடச் சிறந்தது. என்சிசி விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஏரோமாடலிங் பழக்கம் இருக்கும். உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். யாருமே இல்லை என்றாலும் விமானத்தை எறிய ஒருவரையாவது கூட்டிப் போங்கள். முதல் நாள் இரண்டு கையும் ரிமோட்டிலேயே இருக்க வேண்டும்.

கொஞ்சம் புல்லைப் பிய்த்துப் போட்டுக் காற்றின் திசையைப் பாருங்கள். விமானம் காற்றை எதிர்த்தே கிளம்ப வேண்டும், காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எறிபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "மேலே பார்த்து எறியாதே, மட்டமா, நேரா, ஈட்டி எறியற மாதிரி தள்ளு." மேல்நோக்கி எறிந்தால் வேகம் செத்துவிடும்.

த்ராட்டில் முக்கால்வாசி. கையைவிட்டுப் போனதும் எலிவேட்டரை மிக லேசாக இழுங்கள். இறக்கையை மட்டமாக வைப்பது மட்டுமே அந்த ஐந்து நொடியில் உங்கள் வேலை. திரும்ப வேண்டாம். தென்னை மரத்தைப்போல் மூன்று மடங்கு உயரம் போகும்வரை நேராக ஏறட்டும். உயரம்தான் உங்களிடம் இருக்கும் நேரம். தரைக்குப் பக்கத்தில் செய்த தவறைத் திருத்த அவகாசம் இருக்காது.

மேலே போனதும் த்ராட்டிலைப் பாதிக்குக் குறையுங்கள். விமானம் ஒரு பக்கம் இழுக்கிறதா, மூக்கு ஏறுகிறதா என்று பார்த்து, ஸ்டிக்குக்குப் பக்கத்தில் உள்ள டிரிம் பட்டனை ஒவ்வொரு சொடுக்காக அழுத்துங்கள். கையை எடுத்தால் நேராகப் போக வேண்டும். பிறகு திருப்பம்: அய்லரானால் லேசாகச் சாய்த்து, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, எலிவேட்டரைக் கொஞ்சம் இழுங்கள். சாய்ப்பது மட்டும் செய்தால் விமானம் சறுக்கி இறங்கும். அந்த இழுப்புதான் அதைத் திருப்புகிறது. முடிந்ததும் எதிர்ப்பக்க அய்லரானால் நிமிர்த்துங்கள். விமானம் எப்போதும் உங்களுக்கு முன்னாலேயே இருக்கட்டும். தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் போகவிடாதீர்கள்.

காற்று பின்னாலிருந்து தள்ளும்போது விமானம் வேகமாகப் போவதாகத் தெரியும். உடனே த்ராட்டிலைக் குறைக்கத் தோன்றும். அது தரையைப் பொறுத்த வேகம்தான். இறக்கைக்கு வேண்டியது காற்றைப் பொறுத்த வேகம். அப்போது குறைத்துவிட்டு இழுத்துத் திருப்பினால் இறக்கை பிடிப்பை இழந்து ஒரு பக்கம் புரளும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். புரண்டால் இழுக்காதீர்கள். கை இழுக்கத்தான் போகும், ஆனாலும் இழுக்காதீர்கள். ஸ்டிக்கை முன்னே தள்ளி, த்ராட்டில் கொடுத்து, வேகம் வந்த பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். இரண்டாவது மூன்றாவது பறப்பில், நல்ல உயரத்தில் த்ராட்டிலை முழுக்க மூடி, மெதுவாக இழுத்துக்கொண்டே போய், உங்கள் விமானம் எப்போது, எந்தப் பக்கம் விழுகிறது என்று வேண்டுமென்றே செய்து பாருங்கள். இறக்கும்போது இந்த அறிவு உதவும்.

இறக்குவது

ரிமோட்டின் டைமரை ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். ஒலித்தவுடன் இறக்கத் தொடங்கினால், முதல் முயற்சி சரிவராவிட்டாலும் இரண்டு முறை சுற்றிவரப் பேட்டரி மிச்சமிருக்கும்.

காற்றோடு ஒரு நீளம் போய், திரும்பி, மறுபடி திரும்பிக் காற்றை எதிர்த்து வாருங்கள். கடைசித் திருப்பம் முடியும்போது பனை உயரமாவது இருக்கட்டும். இப்போது இறங்கும் வேகத்தைத் த்ராட்டிலால் கட்டுப்படுத்துங்கள்: தாழ்ந்தால் கொஞ்சம் கூட்டி, உயர்ந்தால் குறைத்து. இறக்கை மட்டமாக இருக்கட்டும். முழங்கால் உயரம் வந்ததும் த்ராட்டிலை மூடிவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக எலிவேட்டரை இழுங்கள். விமானம் வேகம் குறைந்து புல்லில் உட்காரும்.

காலடியில் கொண்டுவந்து இறக்க முயலாதீர்கள். நூறு அடி தள்ளி இறங்கினால் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். நல்ல இறக்கங்களைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத் திருப்பம்தான். தவறாகிறது என்று தோன்றினால் த்ராட்டில் கொடுத்து நேராக மேலே போய் மறுபடி வாருங்கள். இனி காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் தரையைத் தொடும் முன் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். புரொப்பெல்லரும் மோட்டாரும் இஎஸ்சியும் பிழைக்கும்.

விழுந்தால், ஓடிப்போய் முதலில் பேட்டரியைப் பிரித்து, நசுங்கியிருந்தால் வெறும் மண்ணில் தள்ளி வைத்து அரை மணி நேரம் பாருங்கள். அதற்குள் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள், சின்னதையும் விடாமல். ஒட்டும்போது அவை பொருந்தும் இடம் தெரியும். ஒட்டிய பிறகு மோட்டாரின் அச்சாணி வளைந்திருக்கிறதா, சர்வோ பற்கள் தேய்ந்தனவா, இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பசை எடை கூட்டியிருக்கும், ஆகவே சிஜியை மறுபடி விரல் நுனியில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த காலை வயலுக்குப் போங்கள்.